உழைப்பவளின் வேடம்: பிலிப்பைன்ஸ் நடிகையர் நூறாண்டு

1919 செப்டம்பரில் மணிலாவில் ஒரு மௌனப் படம் வெளியானது. ஹோசே நெபொமுசேனோ எடுத்த 'தலகாங் புகித்'. பிலிப்பினோ ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று வரலாறு அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. திரையில் கதாநாயகி பாட வேண்டிய கட்டம் வந்ததும், அரங்குக்குள் வயலினும் பியானோவும் டிரம்பெட்டும் முழங்க, அதே பெண் நேரில் நின்று பாடினாள். திரையில் இருப்பவளும் அவள்தான், குரல் கொடுப்பவளும் அவள்தான். பெயர் அதாங் தெ லா ராமா; வயது 17.

படம் இன்று இல்லை. போருக்கு முந்தைய பிலிப்பைன்ஸ் படங்களில் ஐந்தாறுதான் மிஞ்சியிருக்கின்றன. அதாங்கின் நடிப்பு எப்படி இருந்தது என்பதற்கு நமக்குச் சாட்சி எதுவும் கிடையாது. ஆனால் வேடம் என்ன என்பது தெரியும். ஹெர்மோஹெனெஸ் இலாகன் எழுதிய சர்சுவேலாவாக, அதாவது ஸ்பானியர் விட்டுச்சென்ற இசை நாடக வடிவத்தில் தகாலோக் மொழியில், அதே கதை 1917 முதலே மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அதாங்குக்கு 15 வயது. கதாநாயகி ஆஞ்செலிதா ஒரு கபரேயில் பூ விற்பவள். சட்டம் படிக்கும் இளைஞனைக் காதலிக்கிறாள். பெற்றோரோ அவளை வட்டிக்கு விடும் கிழவன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். பெற்றோரின் சூதாட்டக் கடனும் அந்தக் கிழவனிடம்தான். மெல்லிய கதைதான். பாட்டுக்காகவே கூட்டம் வந்திருக்கும். ஆனாலும் கதையின் அச்சு காதல் அல்ல, கடன். பூ விற்கும் பெண்ணின் வருமானமும் அவள் உடலும் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அங்கே கேள்வி.

இந்த நூறாண்டைப் பின்னோக்கிப் பார்க்கையில் எனக்குத் தட்டுப்படுவது இதுதான்: பிலிப்பைன்ஸ் மேடையும் திரையும் சேர்ந்து உருவாக்கிய பெரிய பெண் வேடங்களில் பெரும்பகுதி கூலிக்கு உழைக்கும் பெண்களுடையவை. பூக்காரி, வீட்டுவேலைக்காரி, மருத்துவச்சி, காய்கறி விற்கும் பாட்டி, கப்பலில் கழிவறை கழுவுபவள். ராணிகளும் தேவதைகளும் ஏராளமாக வந்து போனார்கள். அவர்களைப் பற்றி ரசிகர் மலர்கள் பேசட்டும்.

அதாங்கின் பிற்கால வாழ்க்கையும் இதற்கு ஒத்தே போனது. சர்சுவேலா மங்கியபோது அவர் போடபில் மேடைக்குப் போனார். ஆட்டம், பாட்டு, கோமாளித்தனம், வித்தை எல்லாம் கலந்த அமெரிக்கப் பாணிக் கதம்ப நிகழ்ச்சி அது. அங்கே குந்திமான் என்னும் உருக்கமான தகாலோக் பாடல்களைப் பாடி அவற்றுக்கு ஒரு கௌரவத்தை வாங்கிக் கொடுத்தார். அவர் மணந்தது கவிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான அமாடோ ஹெர்னாண்டஸை. 1951இல் கலகக் குற்றம் சாட்டப்பட்டு ஹெர்னாண்டஸ் சிறை சென்றார். ஐந்தாண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். அரசு 1987இல் அதாங்குக்குத் தேசியக் கலைஞர் பட்டம் தந்தது. 1991இல் மறைந்தார்.

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் (1942–45) இந்த வரலாற்றில் ஒரு விநோதமான திருப்பம். படச்சுருள் இல்லை, ஸ்டுடியோக்கள் மூடிக் கிடந்தன. திரை நட்சத்திரங்கள் எல்லோரும் பிழைப்புக்காக மேடைக்கு வந்தார்கள். மணிலாவின் சினிமா கொட்டகைகளிலேயே நாடகங்கள் நடந்தன. அந்தப் பட்டறையில் இயக்குநர் லாம்பெர்ட்டோ அவெல்லானாவிடம் பயின்று வந்தவர்களில் ஒருவர் அனிதா லிண்டா. அவரிடம் பிறகு வருகிறேன்.

அவெல்லானாவின் மனைவி டெய்சி ஹோன்டிவெரோஸ், நடிகை என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் மரியாதை சேர்த்தவர்களில் முதன்மையானவர். கணவனும் மனைவியுமாக 1939இல் பாராங்காய் நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். நிக் ஹோவாக்கின் ஆங்கிலத்தில் எழுதிய 'பிலிப்பினோவாகக் கலைஞனின் உருவப்படம்' நாடகம் 1955இல் போரில் இடிந்துகிடந்த மணிலாவின் இன்ட்ராமுரோஸ் மதில்களருகே அரங்கேறியபோது, காந்திதா வேடம் டெய்சிக்கு. பத்து ஆண்டு கழித்து அவெல்லானா அதைப் படமாக்கினார், அதே காந்திதா. சிதைந்துகொண்டிருக்கும் பழைய வீட்டில் இரண்டு முதிர்கன்னிகள், தந்தை வரைந்த ஓவியத்தை விற்க மறுக்கும் பிடிவாதம்: வெளிப்பார்வைக்கு இது மேட்டுக்குடிச் சோகம்தான். ஆனால் காந்திதா வீட்டுச் செலவுக்கு வழி தேடி எலி பிடிக்கும் வேலை கேட்டுப் போய் வெறுங்கையுடன் திரும்புகிறாளே, அந்த இடத்தில் நாடகத்தின் நிறமே மாறிவிடுகிறது. கௌரவமும் கைச்செலவும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது என்பதை ஹோவாக்கின் அங்கேதான் காட்டுகிறார்.

1967ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் நடுமுடிச்சு என்பேன். அந்த ஆண்டில் மூன்று காரியங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடந்தன. செசில் கிதோத்தே 'பெத்தா' என்று சுருக்கமாக அறியப்படும் பிலிப்பைன் கல்வி நாடகச் சங்கத்தைத் தொடங்கினார். தாய்மொழி நாடகமே அதன் கொள்கை, சான்டியாகோ கோட்டையின் இடிபாட்டுக்குள் கட்டிய திறந்தவெளி அரங்கே அதன் வீடு. அதே ஆண்டில் செனாய்டா அமடோரும் பேபி பாரெடோவும் ரெபர்ட்டரி பிலிப்பைன்ஸைத் தொடங்கினார்கள். பிராட்வே, வெஸ்ட் எண்ட் நாடகங்களை ஆங்கிலத்தில் நடத்தும் குழு அது. பின்னாளில் ஏழு வயது லியா சலோங்காவை முதலில் மேடையேற்றியதும் அதுதான். மூன்றாவது, பிக்கோல் பகுதியின் இரிகா நகரிலிருந்து வந்த ஒரு பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமி தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பட்டம் வென்றாள்.

அந்தச் சிறுமி நோரா அவுனோர். 1953இல் பிறந்தவர். இரிகா ரயில் நிலையத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் விற்றுக் குடும்பத்துக்குக் காசு கொண்டுபோன பிள்ளை. அந்நாளில் மணிலாவின் பெரிய ஸ்டுடியோக்கள் கதாநாயகி என்றால் ஸ்பானிய, அமெரிக்கக் கலப்பில் வந்த வெளுத்த நிறத்தையும் உயர்ந்த மூக்கையும்தான் தேடின. நோரா குள்ளம், மாநிறம். சம்பாகிதா ஸ்டுடியோ முதலில் அவருக்கு ஓரத்து வேடங்களைத்தான் கொடுத்தது. பிறகு தீர்சோ குரூஸுடன் ஜோடி சேர்ந்ததும் நாடே பித்துப் பிடித்தது போலானது. அந்த ஜோடியின் 'குழந்தை' என்று ஒரு பொம்மைக்குப் பெயர் வைத்து, ரசிகர்கள் அதற்கும் பாசம் பொழிந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'நோரானியர்' என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்த ரசிகர்களில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் பெருந்திரள். தங்களைப் போல் இருப்பவள் திரையில் கதாநாயகி ஆனதை அவர்கள் தங்கள் சொந்த வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் நோரா ஒரு நட்சத்திரக் கதையாக முடிந்திருப்பார். ஆனால் சம்பாதித்த பணத்தில் சொந்தமாகப் பட நிறுவனம் தொடங்கினார். 1976இல் மாரியோ ஓஹாராவின் 'தத்லோங் தாவோங் வலாங் தியோஸ்' அந்த நிறுவனத்தின் படம். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிரிப் படை அதிகாரியோடு வாழ நேரும் பள்ளி ஆசிரியை. ஓஹாராவும் லினோ புரோக்காவும் 'பெத்தா' மேடையில் வளர்ந்தவர்கள். மேடையின் சிந்தனை இந்தப் பெண்ணின் முகத்தைத் தேடி வந்தது என்று சொன்னால் பொருந்தும். நோராவும் அதற்கு இடம் கொடுத்தார்.

புரோக்காவின் 'போனா' (1980) இந்தக் கூட்டணியின் உச்சம் என்பது என் கணிப்பு. 'ஹிமாலா'வைச் சொல்பவர்களே அதிகம், சொல்லிக்கொள்ளட்டும். போனா நடுத்தர வீட்டுப் பெண். துணை நடிகன் ஒருவன்மேல் மையல் கொண்டு, வீட்டை விட்டு வந்து சேரியில் அவன் குடிசையில் வேலைக்காரியாகவே ஆகிவிடுகிறாள். நாடு முழுக்க ரசிகைகள் தன்னை வழிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், வழிபடும் ரசிகையின் வேடத்தை நோரா ஏற்றார் என்பதே துணிச்சல். படம் நெடுக அவர் செய்வது தண்ணீர் சுமப்பது, தண்ணீர் காய்ச்சுவது, அவன் குளிக்க ஊற்றுவது. பேச்சு குறைவு. கையில் வாளி, தோளில் சரிவு, கண் மட்டும் அவன் முதுகின்மேல். இந்த வேலையைப் புரோக்கா திரும்பத் திரும்பக் காட்டுகிறார்; நோரா ஒவ்வொரு முறையும் அதை வேறு மனநிலையில் செய்கிறார். முதலில் அதில் பெருமை இருக்கிறது, பிறகு பழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் அவன் அவளைக் கைவிடப்போவதாகச் சாதாரணமாகச் சொல்ல, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரை அப்படியே அவன்மேல் கொட்டுகிறாள். கத்தல் அவனுடையது, அவள் முகத்தில் வந்து தங்குவது கோபம் என்றும் சொல்ல முடியாத ஒன்று. படம் 1981இல் கான் திரைப்பட விழாவின் இயக்குநர் பிரிவில் காட்டப்பட்டது. புதுப்பித்த பிரதி 2024இல் கான் கிளாசிக்ஸ் பிரிவுக்குத் திரும்பப் போனது.

இஷ்மாயெல் பெர்னாலின் 'ஹிமாலா' (1982) பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லாமல் முடியாது. ரிக்கி லீயின் திரைக்கதை, வறண்ட கிராமத்தில் கன்னி மரியாளைக் கண்டதாகச் சொல்லும் எல்சா, அவளைச் சுற்றி முளைக்கும் யாத்திரை வியாபாரம். இலோகோஸ் நோர்த்தேயின் பவாய் மணற்குன்றில் மூவாயிரம் பேர் திரண்ட கூட்டத்தின் முன் எல்சா, அற்புதம் என்று ஒன்று இல்லை, தெய்வங்களையும் சாபங்களையும் உண்டாக்குவது நாம்தான் என்று அறிவிக்கும் கட்டம் இன்றும் பிலிப்பைன்ஸில் பள்ளிப் பிள்ளைகள்வரை நடித்துக் காட்டும் காட்சி. இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது சர்வாதிகாரி மார்கோஸின் மகள் தலைமையேற்ற அரசு நிறுவனம் என்பது இன்னொரு அற்புதம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாட்டின் பெண்கள் ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் இத்தாலிக்கும் வீட்டுவேலைக்குக் கிளம்பினார்கள். நாடகம் அவர்களைச் சினிமாவுக்கு முன்பே கவனித்துவிட்டது. ரிக்கி லீ எழுதிய 'டிஎச்' என்ற நாடகத்தை 'பெத்தா' 1992இல் நடத்தியது. வீட்டுவேலைக்காரி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் தலைப்பு. நட்சத்திர உச்சத்தைத் தொட்டுவிட்ட நோரா, சான்டியாகோ கோட்டையின் திறந்தவெளி மேடைக்கு வந்து அதில் நடித்தார். திரையிலிருந்து மேடைக்குப் போவதை இறக்கமாகப் பார்க்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நோராவுக்கு அது வேறு கணக்கு. தன் ரசிகைகள் எங்கே போனார்கள் என்று தேடிப் போனது போல், அந்த நாடகம் வெளிநாடுகளுக்கும் பயணம் செய்தது.

மூன்றே ஆண்டில் அந்த வேடம் செய்தியாக வந்தது. 1995 மார்ச் 17 அன்று சிங்கப்பூரில் ஃபுளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். தன் நாட்டுப் பணிப்பெண் ஒருவரையும், அவர் பார்த்துக்கொண்ட சிறுவனையும் கொன்றதாகக் குற்றம். அவர் நிரபராதி என்று பிலிப்பைன்ஸில் பெருந்திரள் நம்பியது. தூதரக உறவு முறியும் நிலைக்குப் போனது, வெளியுறவுச் செயலர் பதவி விலகினார், புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. சில மாதத்துக்குள் ஜோயெல் லாமாங்கான் படம் எடுத்து வெளியிட்டார்; ஃபுளோராக நோரா. கெய்ரோ விழாவில் சிறந்த நடிகை விருது. படமாக அது அவசரத்தின் தழும்புகள் நிறைந்தது, மெலோடிராமா கூடுதல். ஆனால் சிறைக்கம்பிக்கு அப்பால் தன் பிள்ளைகளைப் பார்க்கும் காட்சிகளில் நோரா அழுகையை அடக்குவதற்குச் செலவிடும் பிரயாசை, அந்தப் படத்தின் எல்லாக் குறைகளையும் சற்று நேரம் மறக்கடிக்கும்.

பிற்காலத்தில் அழகு சிகிச்சை ஒன்று தவறிப்போய் நோராவின் பாட்டுக் குரல் போனது. பாட்டுக்காரியாக உள்ளே வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் நடிகையாக அவர் திரும்பி வந்து செய்த 'தை வூம்ப்' (2012), குரலே தேவைப்படாத படம். பிரிலியாந்தே மென்டோசா இயக்கியது. தாவி-தாவி கடற்பகுதியில் நீர்மேல் கட்டிய வீட்டில் வாழும் பஜாவ் மருத்துவச்சி. தனக்குப் பிள்ளையில்லாததால் கணவனுக்கு இரண்டாம் மனைவி தேடுகிறாள். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பதும் அவளேதான். ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்துக் கொடுத்த கை அது.

இதே மென்டோசா 2009இல் எடுத்த 'லோலா'வில்தான் போர்க்கால மேடையில் வளர்ந்த அனிதா லிண்டா, எண்பத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், தன் ஆகச்சிறந்த வேடங்களில் ஒன்றைச் செய்தார். பேரன் கொல்லப்பட்ட இடத்தில் கிழவி மெழுகுவத்தி ஏற்ற முயல்கிறாள். மழையும் காற்றும். குடை திரும்பிக்கொள்கிறது, தீக்குச்சி அணைகிறது, மறுபடி கிழிக்கிறாள். வேறெந்த நடிப்பும் அங்கே இல்லை; ஒரு காரியத்தை முடிக்கும் கவனம் மட்டும். எதிர்த்தரப்பில் கொலைகாரனின் பாட்டியாக ருஸ்திகா கார்ப்பியோ. கல்லூரிப் பேராசிரியர், நெடுங்கால மேடைக்காரர். தெருவில் காய்கறி விற்று, வழக்கைச் சமரசமாக முடிக்கப் பணம் சேர்க்கும் கிழவி அவர். இரு கிழவிகளும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மூட்டுவலி, மருந்து என்று பேசிக்கொண்டே பேரனின் உயிருக்கு விலை பேசி முடிக்கும் காட்சியை நாடகம் படித்தவர்களால்தான் இப்படித் தணிந்த குரலில் கொண்டுபோக முடியும். ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் விழா இருவருக்கும் சேர்த்தே சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. 2016இல் மென்டோசாவின் 'மா ரோசா'வுக்காக ஜாக்லின் ஹோஸே கானில் சிறந்த நடிகையானார். அதிலும் வேடம் பெட்டிக்கடைக்காரி. சில்லறைச் சாமான்களோடு போதைப்பொருளும் விற்பவள்.

இனி டாலி டி லியோன். 1969இல் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் நாடகம் படித்தார். அங்கே டோனி மபேசா 1976இல் நிறுவிய 'துலாங் யூபி' அரங்கு இரண்டு தலைமுறை நடிகர்களை வார்த்தது. டாலி அவர் மாணவி. 1991இல் ஒரு பேய்ப்படத்தில் சிறு வேடம். அதற்கப்புறம் முப்பது ஆண்டு மேடை, விளம்பரம், தொலைக்காட்சித் தொடர்களில் டாக்டர், வக்கீல், யாரோ ஒருவரின் அம்மா. மேடையில் பெரிய வேடம், திரையில் இரண்டு வரி: இந்த ஏற்றத்தாழ்வோடுதான் மணிலாவின் நாடக நடிகர்கள் எல்லோரும் பிழைக்கிறார்கள். வீட்டு வாடகையைக் கட்டுவது அந்த இரண்டு வரிதான்.

ஸ்வீடன் இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்ட் 'டிரையாங்கிள் ஆஃப் சாட்னெஸ்' படத்துக்கு மணிலாவில் நடிகர் தேடியபோது டாலி கிடைத்தார். 2022இல் படம் கானின் தங்கப்பனை விருதை வென்றது. கோடீஸ்வரர்களின் உல்லாசக் கப்பலில் கழிவறைப் பொறுப்பாளர் அபிகெய்ல். முதல் இரண்டு பகுதிகளில் அவள் இருக்கிறாளா என்பதே பலருக்குக் கவனத்தில் இராது. கப்பல் மூழ்கி, உயிர் தப்பியவர்கள் தீவில் ஒதுங்கிய பிறகு அவள் படகிலிருந்து இறங்குகிறாள். ஆக்டோபஸ் பிடிக்கவும் நெருப்பு மூட்டவும் அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சுட்ட துண்டுகளைப் பங்கிடும் காட்சியைக் கவனியுங்கள். தனக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று, மறுபடி தனக்கு ஒன்று. யாரோ முணுமுணுக்கிறார்கள். டாலி குரலை உயர்த்துவதே இல்லை. மீன்காரி தராசைப் பார்ப்பதுபோல் துண்டை மட்டும் பார்க்கிறார். பிறகு தலைநிமிர்ந்து, இங்கே கேப்டன் யார் என்று கேட்டு, பதில் வரும்வரை அடுத்த துண்டைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார். பதில் சொன்னவனுக்குத் துண்டு போகிறது. அதிகாரம் கைமாறுவதை இவ்வளவு சிக்கனமாக நடித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நிதானம் மேடையில் பழகியது. பார்வையாளர் காத்திருக்கும் நேரத்தை எவ்வளவு இழுக்கலாம் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கோல்டன் குளோப், பாஃப்டா இரண்டிலும் துணை நடிகைக்கான பரிந்துரை அவருக்கு வந்தது. நடிப்புக்கு அங்கே இதற்குமுன் பிலிப்பைன்ஸிலிருந்து எவரும் போனதில்லை. உலகம் அவரைப் 'புதிய கண்டுபிடிப்பு' என்றது. ஐம்பத்து மூன்று வயதில்! ஒரு கேள்வியையும் மறைக்க வேண்டியதில்லை. மேற்குலக விழாக்கள் பிலிப்பினோ நடிகையைக் கைதட்டி வரவேற்பது அவள் வேலைக்காரியாகவோ ஏழையாகவோ வரும்போது மட்டும்தானா? ஓரளவு ஆம். ஆனால் அந்த வேடத்தைக் கான் கண்டுபிடிக்கவில்லை. மணிலா மேடை நெடுங்காலமாகத் தன் மக்களுக்காகவே அதைச் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பின் டாலி ஏற்ற அமெரிக்கப் படங்கள் இந்த வட்டத்தைச் சற்று உடைக்கவும் செய்தன. 'கோஸ்ட்லைட்' (2024) படத்தில் அவர் ஊர் நாடகக் குழுவின் நடிகை, நடுவயதில் ஜூலியட் வேடம் கட்டுபவர்.

அதே 2022 ஜூனில் அரசு தேசியக் கலைஞர்களை அறிவித்தது. நோரா அவுனோர், ரிக்கி லீ, மூன்றாண்டு முன்பு இறந்துபோன டோனி மபேசா மூவரும் ஒரே பட்டியலில். நோராவின் பெயர் 2014லேயே தேர்வாகி, அமெரிக்காவில் நடந்த பழைய போதைப்பொருள் வழக்கைக் காட்டி ஜனாதிபதி அகீனோவால் நீக்கப்பட்டது. பட்டத்தோடு மூன்றாண்டுகூட அவர் இருக்கவில்லை. 2025 ஏப்ரல் 16 அன்று, 71 வயதில் மறைந்தார். வீரர் மயானத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

2024 அக்டோபரில் மக்காத்தி நகரில் பாபி கார்சியா இயக்கிய 'ரெக்வெஸ்ட் சா ரேடியோ' இந்த வரலாற்றின் இரு கிளைகளை ஒரே மேடையில் சேர்த்தது. ஜெர்மன் நாடகாசிரியர் ஃபிரான்ஸ் க்சாவர் குரோட்ஸ் எழுபதுகளில் எழுதிய, ஒரு சொல்கூட இல்லாத, ஒரே ஒரு நடிகையின் நாடகம். பெண் வேலை முடிந்து வீடு திரும்புகிறாள், சாமான்களை எடுத்து வைக்கிறாள், சாப்பிடுகிறாள், ரேடியோ கேட்கிறாள், கடைசியில் தன் உயிரை முடித்துக்கொள்ளத் துணிகிறாள். மணிலாவில் அவள் வெளிநாட்டில் தனியே உழைக்கும் பிலிப்பினோ பெண் ஆனாள். லியா சலோங்காவும் டாலி டி லியோனும் மாறி மாறி நடித்தார்கள். ஆங்கில மேடையில் வளர்ந்து 'மிஸ் சைகோன்' மூலம் டோனி விருது வரை போனவர் ஒருவர், டிலிமான் வளாகத்துத் தாய்மொழி நாடகத்திலிருந்து வந்தவர் இன்னொருவர். அறுபதுகளிலிருந்து இரு தரப்பும் மொழியை வைத்துச் செய்துவந்த வாதத்துக்கு அந்த அரங்கில் வேலையில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வசனம்.

தொழிலாளியின் வேடத்தைக் கட்டும் நடிகையும் ஒரு தொழிலாளி என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. மூத்த நடிகர் எடி கார்சியா 2019இல் தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பில் கீழே விழுந்து, சில நாளில் இறந்தார். அவர் பெயரால் 2024 மே மாதம் 11996ஆம் எண் சட்டம் கையெழுத்தானது. வேலை நாள் எட்டு மணி நேரம், நீட்டினாலும் பதினான்கைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு அறுபது மணி நேரமே உச்சம். ஒரே நாளில் மூன்று செட்டுகளில் இரண்டிரண்டு வரி பேசிவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடும் துணை நடிகைக்கு இதன் அருமை தெரியும். சட்டத்தின் முழுப்பெயர் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் சொல்கிறது. நாடகம் அதில் இல்லை.